பேசிக்கொள்ளாத சாவிக்காரிகள்

காலை ஏலம் முடிந்து, ஆளில்லாத் தோணிகள் மறுபடி கடலுக்குத் திரும்பியதும், மெடில்டா மச்சாது மீன் ஏலக்கூடத்தின் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்துவைத்து உட்காருவாள். வெளியே எப்போதும் சிலர் காத்திருப்பார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "சாவிக்குறி சொல்லுங்கக்கா." அவளும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்வாள்.

"நண்டு, விளக்கு, மணல், கதவு, பனை, வெள்ளி, தோணி, புளி."

அந்த எட்டு வார்த்தைகளைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிரும். மாதா கோயில் தேரை முதல் ஆளாக வடம் பிடிப்பவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருக்காது. இருக்கட்டுமே. தூத்துக்குடிக் கலப்பகம் தொடங்கிய நாளிலிருந்து, சாவிக்குறி கேட்டுப்போன ஒருவர்கூட ஏமாந்ததில்லை. மதுரையாலும் கோவையாலும் அதைச் சொல்ல முடியாது. இந்த ஊர் சொல்லும். கேட்காவிட்டாலும் சொல்லும்.

பணமெல்லாம் திறந்த பேரேட்டுக்கு மாறிப்போன காலம் அது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தாலும் உலகமே பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரன் நேற்று எத்தனை பரோட்டா தின்றான் என்பதைப் பல் தேய்த்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். லஞ்சம் ஒழிந்தது என்று ஊர் வெடி போட்டது. லஞ்சத்தோடு சேர்த்து அந்தரங்கமும் ஒழிந்தது என்பது வெடிச்சத்தம் அடங்கிய பிறகுதான் உறைத்தது. யார் எந்த மருத்துவரிடம் போகிறார்கள், வீட்டைவிட்டு ஓடியவள் எந்த ஊரில் வாடகை கொடுக்கிறாள், எல்லாமே தெரிந்தது. பேரேட்டைப் படித்துச் சொல்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் தடங்காணிகள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள்.

அதனால்தான் சட்டம் கலப்பகங்களை அனுமதித்தது. ஆயிரம் பேரின் காசை ஒரே குளத்தில் கொட்டி, அவரவர் அளவுக்கு வேறு காசாக அள்ளித் தருவது அவற்றின் வேலை. எந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று தடங்காணிக்குத் தெரியாது. ஆனால் முன்பின் தெரியாதவனிடம் காசைக் கொட்டிவிட்டு எப்படி நிம்மதியாக இருப்பது? அதற்காகக் கலப்பகம் முதலிலேயே ஓர் உறுதிமடல் தரும். 'இன்ன முகவரியில் போடு, இன்ன முகவரியில் திருப்பித் தருவேன்' என்று தன் ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட மடல். அந்தக் கையொப்பம் கலப்பகத்துடையதுதானா என்று அதன் பொதுச்சாவியை வைத்துப் பார்த்துவிடலாம். அந்தப் பொதுச்சாவியின் அடையாளம்தான் எட்டு வார்த்தைச் சாவிக்குறி.

சிக்கல் இங்கேதான். மடலைக் கொடுத்த இணையப் பக்கமே சாவியையும் கொடுத்தால், திருடனிடமே 'நீ நல்லவனா?' என்று கேட்ட கதையாகிவிடும். சாவியை வேறு இடத்தில் கேட்க வேண்டும். ஓரிடத்தில் கேட்டால் அவரை விலைக்கு வாங்கிவிடலாம். மூன்று இடத்தில் கேட்டால் மூவரும் கூடிப் பேசிக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர்கள் தலையைச் சொறிந்து யோசித்து, வேறெந்த ஊருக்கும் தோன்றாத வழியைக் கண்டுபிடித்தார்கள். ஊரில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேரைத் தேடிப் பிடித்துச் சாவிக்காரர்கள் ஆக்கினார்கள். பகையாளிகள் மூவரும் ஒரே பதிலைச் சொன்னால் அது சத்தியமாகத்தான் இருக்க வேண்டும்.

ஏலக்கூடத்துக்கு மெடில்டா. உப்பளச் சங்கத்துக்குச் சுடலைமணி. கோயில் தெருவுக்கு, மெடில்டாவின் கூடப்பிறந்த தங்கை பிரிஸ்கா.

அம்மா இறந்ததும் ஏலக்கூடத்தில் அம்மா உட்கார்ந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் அக்காவும் தங்கையும் கிழித்துக்கொண்டார்கள். அசல் சண்டை, ஊரே திரண்டு நின்று பார்த்த சண்டை. அதைப் பார்த்துத்தான் இருவரையும் பதவிக்கு எடுத்தார்கள். விதி ஒன்றுதான். சாவிக்காரர்கள் தங்களுக்குள் பேசக்கூடாது, கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. சமாதானமானால் ஒருவர் பதவி விலக வேண்டும். சாவிக்குறியை எழுதி வைப்பதும் கிடையாது. எழுதியதைத் திருத்திவிடலாம். மனதில் இருப்பதைத் திருத்த முடியாது என்பது ஊரின் எண்ணம்.

கோபம் எப்போதோ ஆறிவிட்டது, மெடில்டாவின் பக்கத்தில். தங்கையின் பக்கத்தில் எப்படியோ, கேட்க வழியில்லை. கேட்டால் ஊரின் பூட்டு உடையும். வருடத்துக்கு ஒருமுறை, மெடில்டாவின் பிறந்தநாளன்று, ஏலக்கூட வாசலில் ஒரு மக்ரூன் டப்பா வந்து உட்கார்ந்திருக்கும். காசு கலப்பகம் வழியாகக் கட்டப்பட்டிருக்கும். அனுப்பியவர் பெயரும் இருக்காது, கையொப்பமும் இருக்காது. யாரோ நன்றியுள்ள வாடிக்கையாளர் என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். கையொப்பமில்லாத எதையும் தொடாத மெடில்டா, அதை மட்டும் கேள்வி கேட்காமல் தின்று தீர்ப்பாள்.

அன்று வரிசையில் கடைசியாக வந்தவள் கனியமுதா. ஐஸ் ஆலையில் கணக்கு பார்க்கிற பெண். துப்பட்டாவைத் தலையோடு இழுத்துப் போட்டிருந்தாள். கன்னத்தில் ஒரு வீக்கம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. அவள் புருஷன் தடங்காணி என்பது ஊருக்கே தெரியும்.

"இன்னிக்கு மத்தியான வண்டிக்குப் போறேன்க்கா," என்றாள் கனியமுதா, குரலைத் தாழ்த்தி. "எங்கேன்னு கேக்காதீங்க. கலப்பகத்துல காசப் போட்டுட்டா, போற ஊர்ல நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. மடல் வந்துட்டு. கையொப்பம் சரின்னு பச்சை விழுந்துட்டு. எதுக்கும் ஒங்கட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புவோம்னு வந்தேன்."

"பச்சைய யாரு போட்டா? ஒன் கைபேசியா, அந்த இணையப் பக்கமா?"

கனியமுதா விழித்தாள். "பக்கத்துலயேதான் சரிபார்க்கிற பொத்தான் இருந்துச்சு."

"சரியாப் போச்சு. மாப்பிள்ளையே தன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டானாக்கும். மடலத் தூக்கி ஒன் கைபேசியில போட்டுப் பாரு. சாவிக்குறி என்ன வருதுன்னு வாசி."

அவள் அப்படியே செய்தாள். "நண்டு, விளக்கு, மணல், கதவு, குடை, வெள்ளி, தோணி, புளி. இதத்தானே நீங்க எல்லாருக்கும் சொல்லுதீங்க? முதலும் கடைசியும் ஒத்துக்கிடுதான்னு நானும் பாத்தேன்."

"குடை இல்லளா. பனை."

ஒரு வார்த்தைதான். ஆனால் சாவி என்பது முழுசாகப் பொருந்த வேண்டிய சங்கதி. ஒரு வார்த்தை மாறினாலும் அது வேறொருவன் சாவி. முதலும் கடைசியும் ஒத்துப்போகிற மாதிரி லட்சக்கணக்கான சாவிகளைக் கடைந்து ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மனிதக் கண் நடுவில் இருப்பதைத் தாண்டிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். இப்படிப் போலிப் பக்கம் விரிப்பதும் தடங்காணிகளின் தொழில்தான். இந்தப் பக்கத்தில் காசைப் போட்டிருந்தால் காசு மட்டும் போயிருக்காது. அவள் திருப்பித் தரச் சொன்ன புதிய முகவரி நேராகப் புருஷன் கைக்குப் போயிருக்கும். வண்டி போய்ச் சேருவதற்குள் அவன் அங்கே நின்றிருப்பான்.

கனியமுதாவின் முகம் வெளுத்தது. அப்போதுதான் மெடில்டாவின் கைபேசி அடித்தது.

"அக்கா, நான் பிரிஸ்கா பேசுதேன்."

அதே குரல். அடுப்படியில் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே பாடுகிற குரல். இந்தக் காலத்தில் குரலை யாரும் நம்புவதில்லை. பெற்ற பிள்ளை அழைத்து 'அம்மா' என்றாலும் 'கையொப்பம் போட்டு அனுப்புடா' என்பதுதான் தாய்மார்களின் பதில். விதிப்படி அவள் அந்த நொடியே துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை.

"ஒன் முன்னால ஒரு பிள்ள நிக்குதுல்லா? அது பாவம்க்கா. நீ தப்பாச் சொல்லிட்ட. அஞ்சாவது வார்த்த குடை. எப்பவுமே குடைதான். ஒனக்கு மறந்துபோச்சு."

"எனக்கா?"

"அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது. மொதல்ல ஒரு வார்த்த, அப்புறம் பிள்ளைக பேரு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா. அந்தப் பிள்ளைகிட்ட சரின்னு மட்டும் சொல்லிரு. நம்ம சண்டை போதும். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. ஒனக்குப் பிடிச்ச சூடை மீன் குழம்பு வைக்கேன்."

மெடில்டா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா கடைசியில் ஏலக்கூடத்தில் மீனின் பெயரே மறந்து நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பயம் அவளுக்குள் நெடுநாளாகவே உண்டு. வாளியை எடுக்கப் போய் எதற்குப் போனோம் என்று மறந்த நாட்கள் அவளுக்கும் உண்டு. பனையா, குடையா? மனதுக்குள் எட்டு வார்த்தைகளையும் ஓட்டிப் பார்த்தாள். பனை என்றே வந்தது. ஆனால் மறதிக்காரி மனதிலும் தப்புதான் சரியாகத் தோன்றும். எத்தனை பேருக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறோமோ! அதோடு, ஞாயிற்றுக்கிழமை. அந்த வாசல்படியில் மறுபடி கால் வைப்பது. அதைவிட அவள் எதையும் ஆசைப்பட்டதில்லை.

"கையொப்பம் போட்டு அனுப்பு," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நீ எனக்குக் கையில குடுத்த பழைய பொதுச்சாவி இன்னும் என்கிட்ட கெடக்கு. அதுக்குச் சரியா வரட்டும், நான் நம்புதேன்."

"கூடப்பெறந்தவகிட்டயா கையொப்பம் கேக்க? என் குரல்கூட ஒனக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதான் பயமா இருக்கு."

சிறிது நேரம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. மடல் எதுவும் வரவில்லை. அது போலிக்குரல் என்பதற்கு அது போதுமா? மனம் நொந்துபோன நிஜத் தங்கையும் அப்படித்தானே வைத்துவிட்டுப் போவாள்? மெடில்டா கைபேசியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தன் கையாலேயே தங்கையை இன்னொரு தடவை விரட்டிவிட்டோமோ என்று தோன்றியது.

"நீ இங்க வாறது யாருக்குத் தெரியும்?" என்று கனியமுதாவிடம் கேட்டாள்.

"அந்தப் பக்கத்துல உதவிக்கு ஒருத்தர் எழுதிக்கிட்டே இருந்தாரு. எந்தச் சாவிக்காரரைக் கேக்கப் போறேன்னு கேட்டாரு. ஒங்க பேரச் சொன்னேன்."

"கலப்பகம் அப்படிக் கேக்காதுளா. நீ யார்கிட்ட கேட்டா அதுக்கென்ன?" என்றாள் மெடில்டா. சொன்னபோது சற்றுத் தெம்பு வந்தது. ஆனால் முழுத்தெம்பு இல்லை. வழக்கம் மூன்று பேரைக் கேட்கச் சொல்கிறது. "கெளம்பு. கோயில் தெருவுக்குப் போய்க் கேளு. நான் சொன்னதச் சொல்லாத. அந்தப் பக்கம் சொன்னதையும் சொல்லாத. சும்மா, சாவிக்குறி என்னன்னு மட்டும் கேளு."

"தனியாப் போகப் பயமா இருக்குக்கா. அவரு ஆளுக தெருவுல நிக்காவ."

சாவிக்காரி இன்னொரு சாவிக்காரியின் வாசலுக்குப் போகக்கூடாது. எதிர்ச் சாரியில் நிற்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. மெடில்டா ஜன்னலைச் சாத்திவிட்டு, ஐஸ் குத்தும் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். முனையில் நின்ற இரண்டு பேர் அவளையும் ஊசியையும் பார்த்துவிட்டு டீக்கடைக்குள் நுழைந்தார்கள். கடல் ஏறி வந்து பழைய கடற்கரைச் சாலையை விழுங்கிவிட்டதால் கோயில் தெருவுக்கு மரப்பாலம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பாலத்தை அவள் மிதித்து எவ்வளவு காலமாயிற்று!

பிரிஸ்காவின் ஜன்னல் நீலச் சாயம் அடித்தது. மெடில்டா எதிர்ச் சாரியில் மூடிக்கிடந்த ஒரு கடையின் நிழலில் நின்றுகொண்டாள். கனியமுதா ஜன்னலண்டை போய்க் கேட்டாள்.

உள்ளேயிருந்து முதலில் இருமல் வந்தது. நீளமான, அடிநெஞ்சிலிருந்து கிளம்புகிற இருமல். பிறகு குரல் வந்தது. கரகரத்து, தடித்து, ஓரங்களில் உடைந்துபோன குரல்.

"நண்டு, விளக்கு, மணல், கதவு..."

இன்னொரு இருமல்.

"...பனை, வெள்ளி, தோணி, புளி. போதுமாம்மா? இன்னொரு மட்டம் சொல்லணுமா?"

பனை. மெடில்டாவுக்குக் கண் நிறைந்தது. மறதி இல்லை. அவள் மனம் ஊரின் சாவியை ஓர் எழுத்து பிசகாமல் காத்திருக்கிறது. ஆனால் அழுகை அதற்காக மட்டும் இல்லை. தொலைபேசியில் வந்த குரலுக்கு வயதே ஆகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எங்கோ பழைய கல்யாண வீடியோவில் கிடந்த பிரிஸ்காவை எடுத்து அவளிடம் பேசவிட்டிருக்கிறார்கள். தன் நினைவில் இருந்த தங்கையும் அந்த வயதிலேயே நின்றுபோனதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நிஜப் பிரிஸ்காவுக்குக் கிழக்குரல் வந்திருக்கிறது. அக்காவுக்கு அது தெரியாமலே வந்திருக்கிறது.

கனியமுதா திரும்பியபோது பிரிஸ்காவின் பார்வை அவளைத் தாண்டி எதிர்ச் சாரிக்கு வந்தது. நிழலில் நிற்பது யார் என்று தெரிந்ததும் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

"மீன் கவிச்சி இங்க வரைக்கும் அடிக்குது!" என்று கத்தினாள் பிரிஸ்கா. "அம்மா நாக்காலியில ஏறி உக்காந்தவளுக்கு இந்தத் தெருவுல என்ன சோலி?"

மெடில்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவள்தான். எந்தத் திருடனுக்கும் இந்த வசவைக் கடையத் தெரியாது. அவர்கள் அழுகிற பிரிஸ்காவைச் செய்தார்கள், சமாதானத்துக்கு வருகிற பிரிஸ்காவைச் செய்தார்கள். ஊரை நம்பவைக்க ஊர் முன்னால் அக்காவைத் திட்டுகிற பிரிஸ்காவைச் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை.

"நடுத்தெரு ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று அவளும் பதிலுக்குக் கத்தினாள். இருவருக்கும் அப்பன் ஒருவன்தான் என்பது பிறகுதான் உறைத்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நீல ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து மறுபடி அந்த இருமல்.

சுடலைமணியைத் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. உப்பு வண்டியோடு பாலத்தில் எதிர்ப்பட்டான். மெடில்டாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கனியமுதாவிடம் மட்டும் எட்டு வார்த்தைகளையும் எண்ணெய் போட்ட மாதிரி வழுவழுவென்று சொல்லிவிட்டுப் போனான். அதிலும் பனைதான்.

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கனியமுதா உண்மையான கலப்பகத்திடம் புதிதாக மடல் வாங்கினாள். இந்தத் தடவை அதைத் தன் கைபேசியில் போட்டு, காதால் கேட்ட எட்டு வார்த்தைகளோடு ஒவ்வொன்றாக, நடுவிலும் விரல் வைத்து ஒப்பிட்டாள். மடலுக்குள் இருந்த இரண்டு முகவரிகளையும் வாசித்தாள். மடலைப் பத்திரப்படுத்தினாள். அதற்கப்புறம்தான் காசை அனுப்பினாள். சற்று நேரத்தில் அவளுடைய காசு ஆயிரம் பேரின் காசோடு கலந்து, யாருக்கும் தெரியாத பெண்ணின் காசாகிவிட்டது.

"அக்கா," என்றாள் வண்டி நிலையத்தில். "என்னால அவிய ஒங்கள அப்படிப் பேசிட்டாவளே. வருத்தமா இல்லியா?"

"வருத்தமா? நாங்க திட்டிக்கிடுதோம், நீ தப்பிச்சுப் போற. கணக்குச் சரியாத்தானே இருக்கு?" என்று சிரித்தாள் மெடில்டா. "எந்த ஊருக்குப் போனாலும், தூத்துக்குடியில சாவி கேட்டுட்டு வந்தேன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லு. எனக்குத் தங்கச்சி ஒருத்தி இங்க இருக்கான்னு மட்டும் சொல்லிராத."

வண்டி கிளம்பியது. அது கண்ணைவிட்டு மறையும்வரை நின்றிருந்துவிட்டு, மெடில்டா முனையில் இருந்த நாட்டுமருந்துக் கடைக்குள் நுழைந்தாள். நெஞ்சு இருமலுக்குச் சித்தரத்தை லேகியம் ஒரு டப்பா கேட்டு, கோயில் தெரு நீல ஜன்னலடியில் வைத்துவிடச் சொன்னாள். திறந்த பேரேட்டில் அவள் பெயரில் லேகியம் ஏறி, அது கோயில் தெருவுக்குப் போனால், நாளைக் காலையிலேயே ஊர் இரண்டு சாவிக்காரிகளில் ஒருத்தியை இறக்கிவிடும். அதனால் அவளும் கலப்பகத்திடம் உறுதிமடல் வாங்கினாள். இத்தனை காலம் ஊருக்கெல்லாம் சாவி சொன்னவள், தனக்காக ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை. அவள் வாயால் சொன்னது மட்டும் போதாது. இன்னொரு சாவிக்காரியின் வாயாலும் கேட்டிருக்க வேண்டும். இன்று கேட்டிருந்தாள். நண்டு, விளக்கு, மணல், கதவு. ஓர் இருமல். பனை, வெள்ளி, தோணி, புளி. சரியாக இருந்தது.

"யார் பேரு போடட்டும்?" என்றான் கடைக்காரன்.

"பேரு வேண்டாம்."

"கையொப்பம்?"

"அதுவும் வேண்டாம்."

அப்படிச் சொன்னபோதுதான் மக்ரூன் டப்பா அவள் ஞாபகத்துக்கு வந்தது. வருடா வருடம், பெயரில்லாமல், கையொப்பமில்லாமல். சுடலைமணியாக இருக்க முடியாது, அவன் உப்பைக்கூட எண்ணிக் கொடுக்கிறவன். மற்றபடி யாராகவும் இருக்கலாம். சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. உலகத்தில் எதையும் சரிபார்க்காமல் நம்பாத மெடில்டா மச்சாது, லேகியத்தின் மூடியை இன்னொரு முறை இறுக்கித் திருகிக் கடைக்காரனிடம் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு ஏலக்கூடத்துக்கு நடந்தாள். ஜன்னலில் ஆட்கள் காத்திருப்பார்கள்.